மதுரையைவிட அருகில் ஒரு போர்

தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து நேர்கோட்டில் பறந்தால் மதுரைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி ஓடுதளத்துக்கு 350தான். ஒரு சரக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். 1987 ஜூலை 30 அன்று இந்திய ராணுவத்தின் 54ஆவது காலாட்படை டிவிஷன் பலாலியில் இறங்கத் தொடங்கியபோது, டில்லியில் முடிவெடுத்தவர்களின் மனத்தில் இருந்ததும் இந்தத் தூரம்தான். கூப்பிடு தூரத்தில் ஒரு தீவு. போனோம், வந்தோம் என்று முடியக்கூடிய வேலை. கடைசிச் சிப்பாய் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது 1990 மார்ச் 24. இடைப்பட்ட 32 மாதங்களில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். இறந்த ஈழத் தமிழ்ப் பொதுமக்களின் கணக்கை யாரும் முறையாக எடுக்கவே இல்லை.

இந்திய அமைதிப் படையின் தோல்வியைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் அரசியல் கதைகள். ராஜீவ் காந்தி, ஜெயவர்த்தனா, பிரபாகரன், ஜே.என். தீட்சித், உளவுத்துறை என்று அந்தக் கதை ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அரசியலை விட்டுவிட்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு படை கடலைக் கடந்து போய் எப்படிச் சண்டையிட்டது, அதன் சோறும் தோட்டாவும் எந்த வழியில் போயின, எந்த மண்ணில் அது கால் வைத்தது என்ற கேள்விகளைத் தமிழில் நாம் அதிகம் கேட்டதில்லை. கேட்டால் ஒன்று தெளிவாகும். இந்த நடவடிக்கையை முதலில் கெடுத்தது தூரம் அல்ல, அருகாமை. யாழ்ப்பாணம் தொலைவில் இருந்திருந்தால் திட்டம் போட்டிருப்பார்கள்.

தென்சென்னைப் புறநகர்களுக்கு இந்தப் போரோடு உள்ள தொடர்பு, இங்கே வசிப்பவர்கள் நினைப்பதைவிடப் பெரிது. ஒட்டுமொத்தப் படைத் தளபதியான லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கின் தலைமையகம் சென்னையில் இயங்கியது. பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரன் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்று 1972இல் அதிகாரியானவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் இறந்தார். அமைதிப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அப்போதைய ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்ட மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் முடிக்கும் முன்பே ராணுவத்துக்குப் போனவர். சுந்தர்ஜியும் பரமேஸ்வரனும் ஒரே மகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள் என்பது தற்செயல்தான்.

சுந்தர்ஜி இந்திய ராணுவம் கண்ட கூர்மையான மூளைகளில் ஒருவர். இயந்திரமயக் காலாட்படை என்ற கருத்துக்கு இங்கே உருக்கொடுத்தவர் அவர். ஆனால் அவருடைய போர்க் கற்பனை பாலைவனத்தில் நிலைகொண்டிருந்தது. 1986 கடைசியிலும் 1987 தொடக்கத்திலும் ராஜஸ்தானில் அவர் நடத்திய ‘பிராஸ்டாக்ஸ்’ ஒத்திகை, பாகிஸ்தானையே நடுங்க வைத்த அளவுக்குப் பெரியது. டாங்கிப் படைகள், அகன்ற மணல்வெளி, பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தடையில்லாத பார்வை. அந்த ஒத்திகை முடிந்த சில மாதங்களில் அதே ராணுவம் பனங்கூடலுக்குள்ளும் ஒழுங்கைகளுக்குள்ளும் நுழைந்தது.

முதலில் பணி என்ன என்பதைப் பார்ப்போம். ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி படை போனது அமைதி காக்க, தமிழ்ப் போராளிகளின் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ள. சண்டைக்குப் போகவில்லை. அதனால் பட்டாலியன்கள் முழு பலத்தோடு போகவில்லை. கனரக ஆயுதங்களில் பலவற்றைப் பின்னால் விட்டுவிட்டே போனார்கள். மாலை போட்டு வரவேற்ற மக்களிடையே அது தவறாகவும் தெரியவில்லை. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 புலிகள் சயனைடு அருந்தி இறந்தார்கள். அக்டோபர் 10 அன்று யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து கைப்பற்றும் ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கியது. பத்தே வாரத்தில் பணி தலைகீழாக மாறிவிட்டது. படையின் அளவோ, கைத்துப்பாக்கி முதல் வரைபடம் வரை அதன் கையில் இருந்தவையோ அதற்கேற்ப மாறவில்லை. சில வாரங்களில் முடித்துவிடலாம் என்ற மதிப்பீடு டில்லியில் இருந்ததை, அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த தீட்சித் தம் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு படைக்குப் புதிய வேலையைக் கொடுத்துவிட்டுப் பழைய மூட்டையோடே அனுப்புவது திட்டமிடுதலில் செய்யக்கூடிய பிழைகளில் முதன்மையானது. மற்ற எல்லாப் பிழையும் இதிலிருந்து கிளைத்தவை என்பதே என் கணிப்பு.

இனி மண்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது, ஓடும் ஆறும் கிடையாது. சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய செம்மண். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் விரித்துப் போட்ட சமதளம். வரைபடத்தில் பார்க்கும் ராணுவ அதிகாரிக்கு இதைவிட எளிதான நிலம் இருக்க முடியாது. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. நல்ல நாளில் சைக்கிளில் ஒரு மணி நேரம். ஆனால் தட்டை நிலம் எளிய நிலம் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த 20 கிலோமீட்டரில் என்ன இருந்தது? ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஒரு வளவு. ஒவ்வொரு வளவையும் சுற்றிக் கிடுகு வேலியோ பனையோலை வேலியோ, காசு உள்ளவர் வீட்டில் ஆளுயர மதிலோ. வேலிகளுக்கு நடுவே இரண்டு பேர் உரசிக்கொண்டு போகும் ஒழுங்கைகள். வாழைத் தோட்டம், பனங்கூடல், தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. ராஜஸ்தானில் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெரிந்த எதிரி, இங்கே இருபதடி தள்ளி வேலிக்குப் பின்னால் நின்றாலும் தெரியமாட்டான். வேலியில் ஒரு பொத்தல் எங்கே, எந்த வளவிலிருந்து எந்த வளவுக்குக் குறுக்கே போகலாம் என்பது அந்த ஊரில் கோலி விளையாடிய பையனுக்குத் தெரியும், வரைபடத்தில் இல்லை. வரைபடமே போதவில்லை, இருந்ததும் பழையது என்பது திரும்பிவந்த அதிகாரிகளின் எழுத்தில் மீண்டும் மீண்டும் வரும் புகார். பிரதான சாலைகளோ மதகுக்கு மதகு கண்ணிவெடி வைக்கப்பட்டவை. பீரங்கியும் விமானமும் பெரும் எண்ணிக்கையும் சாதகம் என்ற கணக்கு, நாலு பேர் வரிசையாக மட்டுமே போகக்கூடிய சந்தில் செல்லாக்காசாகிவிடுகிறது. ஆயிரம் பேர் பின்னால் நின்றாலும் சண்டையிடுவது முன்னால் இருக்கும் நாலு பேர்தான்.

இதற்கு மேல் அக்டோபர். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதத்தில்தான் தாக்குதலும் தொடங்கியது.

அக்டோபர் 11 நள்ளிரவில் நடந்ததை இந்திய ராணுவ வரலாற்றின் மிகக் கசப்பான இரவுகளில் ஒன்று என்று சொல்லலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தையொட்டிய பகுதியில் புலிகளின் தலைமை இருப்பதாகத் தகவல். ஹெலிகாப்டரில் போய் மைதானத்தில் இறங்கித் தலைவர்களைப் பிடிப்பது திட்டம். முதலில் 10ஆவது பாரா கமாண்டோ பட்டாலியன், அடுத்து 13ஆவது சீக் லைட் இன்ஃபன்ட்ரி. இந்தச் சீக்கியப் பட்டாலியன் குவாலியரிலிருந்து அப்போதுதான் கொண்டுவரப்பட்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்த ஊரைப் பார்த்திராத ஆட்கள். கையில் ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரே ஏ.கே.47. இந்தியப் படையின் ரேடியோ பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததால் ஹெலிகாப்டர்கள் வருவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கிகள் காத்திருந்தன. சில நடை போனதுமே ஹெலிகாப்டர்கள் சேதமடைய, மீதி ஆட்களை இறக்குவது கைவிடப்பட்டது. இறங்கிவிட்ட சீக்கிய வீரர்கள் 30 பேர். விடிந்து தோட்டா தீரும்வரை போரிட்டார்கள். 29 பேர் இறந்தனர், ஒருவர் பிடிபட்டார்.

சிக்கிக்கொண்ட கமாண்டோக்களை மீட்கப் போன டாங்கிகள் சாலையை விட்டுவிட்டு ரயில் பாதையில் போயின. சாலையில் கண்ணிவெடி இருக்கும், தண்டவாளத்தில் இருக்காது என்று கணித்து வழிநடத்தியவர் மேஜர் அனில் கௌல். அந்தச் சண்டையில் அவர் ஒரு கண்ணை இழந்தார். அந்த இரவு முழுவதிலும் நிலத்தைப் படித்து எடுத்த முடிவு என்று எனக்குத் தோன்றுவது இந்த ஒன்றுதான். ஆனால் அதே ரயில் பாதையையொட்டிய கொக்குவில் பிரம்படியில் அந்த நாட்களில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ராஜனி திராணகம, ராஜன் ஹூல் முதலிய நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ இதையெல்லாம் பதிவுசெய்தது. அதில் ஒருவரான ராஜனி 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்.

பொதுமக்கள் மரணத்தை ராணுவப் பாடங்களிலிருந்து தனியே பிரித்து, மனித உரிமை என்ற அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் உண்டு. பிரிக்க முடியாது. மக்கள் நெருக்கமாக வாழும் நிலத்தில் மக்களும் நிலத்தின் ஒரு பகுதி. அக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த படை, மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அக்டோபர் 27 அன்று சாவகச்சேரிச் சந்தையில் எம்.ஐ.25 ஹெலிகாப்டர்களின் தாக்குதலில் மக்கள் மடிந்தனர். அமைதிப் படையை மாலையோடு வரவேற்ற ஊர் மூன்று மாதத்தில் அதற்குச் சோறு கொடுக்கவும் வழி சொல்லவும் மறுத்தது. தகவல் வறண்டது. தகவல் இல்லாத படை கண்ணில் படுவதையெல்லாம் சுடும்; சுடச்சுட இன்னும் தகவல் வறளும். நகரம் அக்டோபர் கடைசியில் கைப்பற்றப்பட்டது. புலிகள் நீரேரியைக் கடந்து வன்னிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். கைக்கு வந்தது ஊர் மட்டும்.

வழங்கல் பகுதி இதைவிடச் சற்றே நம்பிக்கை தருவது. நியாயமாகப் பார்த்தால் விமானப்படையும் கடற்படையும் தம் வேலையைச் செய்தன. ஏ.என்.32 விமானங்கள் தென்னிந்தியத் தளங்களிலிருந்து பலாலி, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஓயாமல் போய்வந்தன. மொத்த நடவடிக்கையில் சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சுமார் 70,000 முறை பறந்ததாக விமானப்படையின் கணக்கு. உச்ச கட்டத்தில் தீவில் இருந்த 70,000க்கும் மேற்பட்ட ஆட்களுக்கு அரிசி, கோதுமை மாவு, டீசல், தபால், தோட்டா எல்லாம் போய்ச்சேர்ந்தன. காயமடைந்தவர்கள் அதே விமானங்களில் சென்னைக்கு வந்தார்கள்.

சிக்கல் கடலைக் கடப்பதில் இல்லை. கடந்த பிறகு கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் இருந்தது. பலாலியில் இறங்கிய அரிசி மூட்டை மானிப்பாயில் உள்ள முகாமுக்குப் போக வேண்டும். சாலையில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்க விடிகாலையில் ஓர் அணி நடந்து போக வேண்டும். லாரி போய்த் திரும்பும்வரை வழிநெடுக ஆட்கள் காவல் நிற்க வேண்டும். மறுநாள் அதே வேலை திரும்ப. முகாம்கள் பெருகப் பெருக, முகாமுக்குச் சோறு கொண்டுபோவதைக் காக்கும் சிப்பாய்களும் பெருகினார்கள். ஒரு டிவிஷனோடு தொடங்கியது நான்கு டிவிஷன்களாக வளர்ந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. பெரும்படை தன்னைத் தானே காவல் காத்துக்கொண்டிருந்தது. சண்டைக்கு மிஞ்சியவர்கள் குறைவு. கந்தரோடையில் பரமேஸ்வரன் இறந்ததும் பெரும்போர் எதிலும் அல்ல, தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் நடந்த பதுங்கித் தாக்குதலில்.

எதிர்த்தரப்பின் வழங்கலையும் சேர்த்துப் பார்த்தால்தான் அருகாமையின் விபரீதம் முழுதாகப் புரியும். இரு தரப்புக்கும் பின்களம் தமிழ்நாடுதான். இந்தியப் படைக்கான தோட்டா சென்னையிலிருந்து போனது. புலிகளுக்கான எரிபொருளும் மருந்தும் வேதாரண்யம் கரையிலிருந்து படகில் போயின. புலிகளின் தளபதி கிட்டு போரின் முதல் பல மாதங்கள் சென்னையிலேயே இருந்தார். எதிரியின் தளபதியும் தன் தலைமையகமும் ஒரே நகரத்தில் இருக்க ஒரு ராணுவம் கடல் கடந்து போரிட்டதற்கு உலக வரலாற்றில் வேறு உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பின்களத்தை அடைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே முன்களத்தில் போரைத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தப் போருக்கு ஐந்தாண்டு முன்பு நடந்த ஃபாக்லாந்து போரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1982இல் பிரிட்டன் போரிட்ட தீவு அதன் கரையிலிருந்து சுமார் 13,000 கிலோமீட்டர். அங்கேயும் குளறுபடி இல்லாமல் இல்லை. அவசரத்தில் கப்பலேற்றியதால், முதலில் வேண்டிய பொருள் அடியில் மாட்டிக்கொண்டது. பாதி வழியில் இருந்த அசென்ஷன் தீவில் நிறுத்தி, எது முதலில் இறங்க வேண்டுமோ அது மேலே வருமாறு திரும்ப அடுக்கினார்கள். மே 25 அன்று ‘அட்லாண்டிக் கன்வேயர்’ கப்பலோடு மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்தபோது, காலாட்படை சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு சதுப்பு நிலத்தில் நடந்தது. கரையிறங்கியது மே 21, அர்ஜென்டினா சரணடைந்தது ஜூன் 14. தூரம் அவர்களைக் கட்டாயப்படுத்தியது. என்ன கொண்டுபோகிறோம், எதற்குப் போகிறோம், எப்போது முடிந்ததாகக் கொள்வோம் என்று கேட்காமல் 13,000 கிலோமீட்டர் போக முடியாது. 350 கிலோமீட்டர் போகலாம். ஃபாக்லாந்தில் மக்கள்தொகை 2,000க்கும் குறைவு, எதிரியும் சீருடை அணிந்த ராணுவம் என்பதால் இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டக்கூடாது.

கட்டளை அமைப்பில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராணுவத்தின் தென்மண்டலத் தலைமையகம் புனேயில், கிழக்குக் கடற்படையின் தலைமையகம் விசாகப்பட்டினத்தில், தென் விமானப்படைத் தலைமையகம் திருவனந்தபுரத்தில். சென்னையில் இருந்த ஒட்டுமொத்தத் தளபதிக்குப் பெயரில் இருந்த ஒட்டுமொத்தம் அதிகாரத்தில் இல்லை. கொழும்பில் தூதர் ஒரு பக்கம் இழுத்தார், உளவுத்துறை இன்னொரு பக்கம். முப்படைகளுக்கும் ஒரே கட்டளை என்பதை இந்தியா முதன்முதலில் 2001இல் அந்தமான் நிக்கோபாரில் அமைத்தது. முதல் முப்படைத் தலைமைத் தளபதி பொறுப்பேற்றது 2020இல். பவன் கற்பித்த பாடம் அமலாக இத்தனை ஆண்டுகள். இந்த நிதானத்துக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

தாம்பரத்துக்குத் தீவுகளோடு உள்ள உறவு முடியவில்லை. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குத் தாம்பரம் தளத்தில் பயிற்சி அளிப்பது தெரியவந்து எதிர்ப்பு எழுந்ததும், அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். 2016 ஜூலை 22 அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏ.என்.32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதறல்கள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரிந்தது. தீவுக்குச் சரக்கும் ஆளும் அனுப்புவது, போர் இல்லாத காலத்திலும், விளையாட்டு அல்ல.

இந்தப் போரைப் பற்றித் தளபதிகள் எழுதியவை இருக்கின்றன. தீபிந்தர் சிங், 54ஆவது டிவிஷனை முதலில் நடத்திய ஹர்கிரத் சிங், பின்னர் நடத்திய சர்தேஷ்பாண்டே ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் நூல் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பழியை வேறு திசையில் தள்ளுகிறார்கள். ஜெனரல்களின் நினைவுக் குறிப்புகள் எல்லா நாட்டிலும் அப்படித்தான். அவற்றில் இல்லாதது, லாரி ஓட்டியவரின் சொல். கண்ணிவெடி தேடி விடிகாலையில் நடந்தவரின் சொல். மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலிருந்து போய், சோதனைச் சாவடியில் தன் மொழியிலேயே கெஞ்சிய பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவரின் சொல். 1987இல் 25 வயதில் போனவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் குடியேறிய முன்னாள் ராணுவத்தினரில் அப்படிப் போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்திறவியல் ஆய்வுகளுக்கென்று ஒரு துறையே இருக்கிறது. அந்தத் துறையோ, சுந்தர்ஜி படித்த தாம்பரத்துக் கல்லூரியோ, மாணவர்கள் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து இவர்களிடம் அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலிக்கு மறுபுறம் நின்றவர்களிடமும் கேட்க வேண்டும். அடுத்த பத்தாண்டுக்குள் செய்யாவிட்டால் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.